புலியின் கண் போன இடம்

இப்போதெல்லாம் எவனும் அடுத்தவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் மூஞ்சியையே பார்த்துக் கோணுகிறான். கல்யாண வீட்டிலும் அதே கூத்து, சாவு வீட்டிலும் அதே கூத்து. பொறிஞ்சுவின் தீர்மானமான கருத்து இது. நாலாம் ஓணத்தன்று காலையில், திருச்சூரில், சாயங்காலப் புலியாட்டத்துக்காக உடம்பெல்லாம் மஞ்சள் சாயத்தோடு, விரித்த கைகளை மூங்கில் கம்பில் தாங்கி நின்றபடி அதை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயம் காயும்வரை புலிவேஷக்காரன் உட்காரக்கூடாது. வாய்க்கு மட்டும் தடையில்லை.

சாயம் காய்ந்ததும் வயிற்றில் புலிமுகம் வரைவார்கள். நடையில் வயிறு குலுங்கினால் அந்த முகம் சிரிக்கும். எத்தனையோ வருஷமாகப் பொறிஞ்சுவின் தொப்பைக்குத்தான் முதல் விசில். இப்போது சர்க்கரை வந்து, சோறு குறைந்து, தொப்பை காற்றுப்போன பலூனாகத் தொங்கியது. ஊரே சிரிக்கப்போகிறது, வரைவதற்கு முன்பே கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. பக்கத்துக் கம்பில் இன்னொரு புலியாக லாசர் நின்றான். பலாப்பழம் போல வயிறு.

"என்ன சேட்டா, என் வயித்துக்குக் கண்ணு போடறீங்களா?" என்றான் லாசர்.

"போடா, அதென்ன வயிறா? கோயில் அண்டாவைக் கவுத்து வச்சிருக்கே."

சாயக்காரன் சுகுமாரனின் பக்கத்து வீட்டு ஜின்சி டீச்சர் ஒரு மூக்குக்கண்ணாடியும் மடிக்கணினியுமாக வந்தாள். கல்லூரியில் மனசைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் கண் எங்கெங்கே போகிறதென்று கணினியில் சிவப்புப் புள்ளி விழுமாம்.

"என் கண்ணு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா? காசு புடுங்கற வேலையா இது?"

"காசு வேணாம் சேட்டா. சும்மாதானே நிக்கறீங்க!"

போட்டுப் பார்த்தார். பிறகு லாசருக்கும் போட்டாள். கணினியைத் திருப்பிக் காட்டியபோது சுகுமாரன் தூரிகையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். பொறிஞ்சுவின் புள்ளி வரிசையில் நின்ற வயிறுகளை மட்டுமே மேய்ந்திருந்தது. ஒரு முகம்கூட இல்லை.

"நேத்து மீசையை எடுத்தேன் சேட்டா, பாத்தீங்களா?" என்றான் லாசர்.

பொறிஞ்சு அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தார்.

லாசரின் புள்ளியோ வயிறுகளைத் தொடவே இல்லை. பொறிஞ்சுவின் கெண்டைக்காலில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அங்க என்னடா பார்வை?"

லாசர் தலையைக் குனிந்துகொண்டான். "என் காலைப் பாருங்க. கொக்குக்கால். உங்களுக்கு உரல் மாதிரி இருக்கு. வருஷா வருஷம் அதைத்தான் பாக்கறேன்."

"அப்ப என் வயிறு?"

"அதுக்கு என்ன?"

"நமக்கு எது குறைன்னு தோணுதோ, கண்ணு அங்கதான் சேட்டா ஓடும்," என்றாள் டீச்சர். "உங்க வயிறு உங்களுக்குத்தான் பெரிய விஷயம். ரோட்டுல நிக்கறவன் அவனவன் குறையைத்தான் தேடுவான்."

"ரோட்டுல நிக்கறவன் பூராவும் இந்தக் கண்ணாடியைப் போட்டானா?"

டீச்சர் சிரித்துக்கொண்டே கணினியை மூடினாள். சுகுமாரன் தூரிகையை எடுத்தான். "வரையட்டுமா, கழுவட்டுமா?"

பொறிஞ்சு லாசரின் கால்களை ஒருமுறை பார்த்தார். நிஜமாகவே கொக்குக்கால்தான். இத்தனை வருஷம் கண்ணில் படவில்லை.

"வரை. கெண்டைக்காலுக்கு இன்னொரு பூச்சுப் போடு."

சாயங்காலம் செண்டை மேளம் முழங்கியது. புலிமுகமூடியை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

"இப்ப நம்பறீங்களா சேட்டா?" என்று டீச்சர் கூப்பிட்டாள்.

"பொட்டி பொய் சொல்லும். லாசரு உனக்கு ஏதாவது குடுத்திருப்பான்."

மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்குள் நடந்தார்.