பழுத்ததைத் தொடாத கிளிகள்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் முப்பது வருடமாகப் பழம் விற்கிறேன். வருகிறவர் நாக்கில் ஒரு துண்டு வைத்துவிட்டால் போதும், வெறும் பையோடு போகமாட்டார். அந்த வித்தை என் மனைவி மைமூனிடம் மட்டும் செல்லவில்லை. வயிற்றில் கட்டி, மூன்று மாதமாக மருந்து. தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெள்ளிக்கிழமைக்குள் வாயால் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டும் என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவமனைத் தாதி சொல்லிவிட்டுப் போனார். குழாய் மட்டும் வேண்டாம் என்று மைமூன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் மட்டும் நாலு வாய் கஞ்சி இறங்கும். எங்கள் பாசிர் ரிஸ் வீட்டு ஜன்னலுக்கு நேரே ஓர் அங்சானா மரம். கிளிகள் வந்து அதன் காய்களை உரித்துத் தின்னும்.

"அதுங்க திங்கிறதப் பாத்தா எனக்கும் பசிக்கிற மாதிரி இருக்கு மச்சான்" என்பாள்.

திங்கட்கிழமை மரத்தில் காய் தீர்ந்தது. கிளிகள் வரவில்லை. கஞ்சி ஆறிப்போனது.

செவ்வாய்க்கிழமை கடையின் முதல்தரச் சரக்கைக் கொண்டுவந்தேன். கனிந்த பப்பாளி, கொய்யா. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய துணி உலர்த்தும் கழியில் கட்டினேன்.

"அத்தா, காட்டுப் பறவைக்குத் தீனி போடறது அஃபென்ஸ் லா! ஃபைன் போட்டுருவாங்க!" என்றாள் மகள் முஸ்கான்.

"தீனி யாரு போட்டா? இது சாம்பிள் புள்ள."

வந்தவை மைனாக்கள்தான். பப்பாளி ஒழுகிக் கீழ்வீட்டு அம்மாவின் வெள்ளை விரிப்பு பாழானது. ஒரு கூடை மாம்பழம் கொடுத்து அவர் வாயை அடைத்தேன்.

புதன்கிழமை முஸ்கான் கைப்பேசியில் தேடிப் படித்தாள். "அதுங்க காயைக் கிழிச்சு உள்ள இருக்கிற விதையத்தான் தேடுமாம். நீங்க கஸ்டமருக்குக் குடுக்கிற மாதிரி கனிஞ்சதாப் பாத்துக் கட்டியிருக்கீங்க."

ஐம்பத்தெட்டு வயதில் சரக்குத் தெரியாதவன் என்று பெயர் வாங்கினேன். விலைபோகாது என்று ஒதுக்கிய பச்சை நட்சத்திரப்பழக் காய்களைக் கொண்டுபோய்க் கட்டினேன்.

வியாழன் காலை இரண்டு கிளிகள் வந்தன. ஒன்று காயைக் காலில் பிடித்து, சதையைக் கிழித்துத் துப்பி, விதையை மட்டும் அலகில் உருட்டியது. மைமூன் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் கரண்டியை நீட்டினேன். வாய் திறந்தது. கஞ்சியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வெகுநேரம் கிளிகளையே பார்த்திருந்தாள். பிறகு மெல்லத் துண்டில் துப்பினாள்.

"முடியல மச்சான். அதுங்க வந்தும் முடியல."

"அரைக் கரண்டி. சரி, கால் கரண்டி."

"மீன் மார்க்கெட்டா இது?" சிரிக்கப்போய் இருமினாள். "நாளைக்கு அவங்கள வரச்சொல்லுங்க. குழாயப் போட்டுக்கறேன்."

கூடத்துக்குப் போய்த் தாதியைக் கைப்பேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். திரும்பி வந்தபோது கழியில் கிளிகள் இல்லை.

"நீங்க எப்ப சாப்பிட்டீங்க?" என்றாள் மைமூன்.

அவளுடைய கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். ஆறி, பிசினாக இருந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு வாய்" என்றாள்.

குடித்தேன்.