பொறுப்பேற்றுக்கொண்ட வீடு

உலகத் தலைவர்களும் பெருமுதலாளிகளும் ஆண்டுதோறும் கூடும் மாநாட்டில் கொடுத்த வாக்குறுதிகளெல்லாம் மொழிபெயர்ப்பாளர் ஒருத்தியின் வீட்டில் நிறைவேறின. வேறெங்கும் நிறைவேறியதாகத் தகவல் இல்லை. கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்காருகிறவர், மேடையில் பேசுகிறவர் ‘நான்’ என்றால் தானும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி. பத்தொன்பது வருடமாக அவள் அப்படித்தான் சொல்லிவந்தாள். சிமெண்ட் முதலாளி ஒருவர் ஆயிரம் மரம் நடுகிறேன் என்றார். அவளும் நடுகிறேன் என்றாள். விடிந்தபோது மூன்றாம் மாடியிலிருந்த அவள் வீடு முழுக்க மரக்கன்றுகள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் கட்டில்மேல் நின்றுதான் சட்டை மாட்டினார். அடுத்த வருடம் முதலாளி திட்டத்தைக் கைவிடுகிறேன் என்றார், அவளும் சொன்னாள், மறுநாள் காலை ஓர் இலைகூட மிச்சமில்லை. கணவர் தரையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போனார்.

பிறகு ஒரு பிரதமர், எந்தத் துறைமுகமும் சேர்க்காத படகில் தத்தளித்த நாற்பத்து மூன்று பேருக்கு இனி நானே பொறுப்பு என்று மேடையில் கண்கலங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுநாள் காலை அத்தனை பேரும் சொட்டச் சொட்ட அவள் வாசலில் நின்றார்கள்.

“இத்தனை பேரை எங்க படுக்க வைக்கிறது?” என்றார் கணவர்.

“முதல்ல துண்டு எடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாம்.”

அப்புறம் பேசவே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே அவர் பழைய லிஃப்ட் கம்பியில் கைக்குழந்தைக்குத் தொட்டில் கட்டினார். படகில் வந்த தையல்காரர் வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் பாவாடையாக்கினார். வாயாடிச் சிறுமி ஒருத்தி மொழிபெயர்ப்பாளரின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். பிள்ளையில்லாத வீடு. ஒரே வருடத்தில் அவர்கள்மேல் அவளுக்கு உயிராகிவிட்டது.

மறுவருட மாநாட்டில், தேர்தல் நெருங்கியிருந்ததால், அதே பிரதமர் அந்தப் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன் என்றார். அவள் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். அரங்கில் ஹெட்போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

“அக்கா, சொல்லுங்க. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க” என்றாள் பக்கத்து இருக்கைச் சக ஊழியை.

“சொல்ல மாட்டேன். நீயும் மைக்கைத் தொடாதே.”

அவள் தொடவில்லை. அந்தத் தொட்டிலை ஒருமுறை வந்து ஆட்டிவிட்டுப் போனவள்தான் அவளும்.

மதியத்துக்குள் மொழிபெயர்ப்பாளரின் அடையாள அட்டையைப் பிடுங்கி வெளியே அனுப்பினார்கள். அன்று அவள் கண் மூடவில்லை. விடிந்ததும் அறை அறையாகப் போய்த் தலைகளை எண்ணினாள். பயத்தில் இரண்டு முறை எண்ணினாள். நாற்பத்து மூன்று. மற்ற மொழிகளிலெல்லாம் பிரதமர் விலகிவிட்டார். அவள் மொழியில் மட்டும் இன்றுவரை விலகவில்லை. குளியலறைக்கு வழக்கம்போல் வாசல்வரை வரிசை நின்றது. அவளும் துண்டை எடுத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றாள்.