தேவையில்லாதவர் என்று ஒரு சான்று

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கொள்முதல் மேற்பார்வையாளரை வேலையை விட்டு அனுப்பிய விதத்தில் எவரும் குறை காண முடியாது. மனிதவள மேலாளரான இளம் பெண், ஆர்டர்கள் குறைந்துவிட்டன, அவருடைய பணியிடமே இனி இருக்காது என்பதைத் தெரிவித்துவிட்டு, குளிர்ந்த தண்ணீர் ஒரு குவளை வரவழைத்துக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மிகுந்த கனிவோடு ஒன்று கேட்டார்.

"கடிதத்துல என்ன சார் போடலாம்? பணியிடம் நீக்கப்பட்டதுன்னு போடவா, இல்ல நீங்களே விரும்பி விலகினதா போடவா? உங்க கௌரவம் எங்களுக்கு முக்கியம்."

மேற்பார்வையாளருக்குச் சம்பந்தியின் முகம் நினைவுக்கு வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அந்த மனிதருக்குக் காது நீளம். நாக்கு அதைவிட நீளம். "நானே விலகினதாவே போட்டுடுங்கம்மா," என்றார். சொல்லும்போது, நிறுவனத்துக்குத் தாமே ஏதோ சலுகை வழங்குவதுபோல் ஒரு நிமிர்வுகூட அவரிடம் வந்தது. நிறுவனமும் அந்தச் சலுகையை மறுக்கவில்லை.

கடைசித் தொகை மொத்தமாக வந்ததும் வீட்டுக்கடனை அடைத்துவிட்டு, சம்பளமில்லாத வாழ்க்கையைக் கடனில்லாமலாவது தொடங்கலாம் என்று கணவனும் மனைவியும் திட்டமிட்டிருந்தார்கள். தொகை வந்தது. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு, வருமான வரி என்ற பெயரில் வழியிலேயே இறங்கிப் போயிருந்தது. மீதியைக் கொண்டு கடனை அடைக்க முடியாது. வைத்துக்கொண்டு தவணை கட்டினால் வீட்டுச் செலவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

வரித் தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மனைவியின் தம்பி வரவழைக்கப்பட்டான். நிறுவனத்தின் கடிதத்தைப் படித்து முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"அத்தான், இப்படி எழுதச் சொன்ன புண்ணியவான் யாரு?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"பிரமாதமா இருக்கு. கண்ணாடி போட்டு மாட்டுங்க. வேலையை விட்டுத் தள்ளிவிட்டா, ஐயோ பாவம்னு அந்த இழப்பீட்டுல ஒரு வரம்பு வரைக்கும் சட்டம் வரி கேக்காது. உங்க தொகை முழுசும் அந்த வரம்புக்குள்ளதான். ஆனா நீங்க தானாக் குதிச்சிருக்கீங்களே! தானாக் குதிச்சவனுக்குக் குடுக்கறது இழப்பீடு இல்ல, சம்பளம். அதுவும் ஒரே மாசத்துல வந்த சம்பளம். வரிக்காரன் கண்ணுக்கு இந்த மாசம் நீங்க பெரிய பணக்காரர்."

"வேலையே இல்லாதவன் எப்படிடா பணக்காரன்?"

"அது அடுத்த மாசத்துக் கேள்வி அத்தான்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமலேயே பேசினாள். "சம்பந்தி வாய்க்குப் பயந்து இவ்வளவு பணத்தத் தூக்கிக் குடுத்திருக்கீங்க. அத நேரா அவர் கையிலயே குடுத்திருந்தா, ஆயுசுக்கும் உங்களப் புகழ்ந்துக்கிட்டு இருந்திருப்பாரு."

"விடுக்கா," என்றான் தம்பி. "பிடிச்ச வரியை மாசக் கடைசியிலதான் கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டும். அதுக்குள்ள கடிதத்தை மாத்திட்டா பணம் திரும்பும். போங்க அத்தான், நீங்க வேண்டாதவர்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

மறுநாள் காலை, தாம் பல்லாண்டுகள் நுழைந்த அதே வாயிலில், 'பார்வையாளர்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேற்பார்வையாளர் உள்ளே சென்றார். கோரிக்கையைக் கேட்ட மனிதவள மேலாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"உங்களப் போய்த் தேவையில்லாதவர்னு எப்படி சார் எழுதுறது? எங்க மனசு கேக்குமா?"

"கேக்கும்மா, கேக்கும். போன வருஷம் ஒட்டாத பசையை லாரி லாரியா வாங்கினது நான்தான்."

"அது பசை கம்பெனியோட தப்பு சார்."

"மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணசருவேன். சாயங்காலம் வரைக்கும் யாரும் என்னத் தேடினதே இல்ல."

"உங்களுக்கு ரொம்பத் தன்னடக்கம் சார்."

தம்முடைய பயனின்மையை நிறுவுவதற்குத் தாம் இவ்வளவு உழைக்க வேண்டியிருக்கும் என்று மேற்பார்வையாளர் எதிர்பார்க்கவில்லை. வேலையிலிருந்த காலத்தில் இதில் பாதியளவு உழைத்திருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

அந்நேரம் கதவைத் தட்டிக்கொண்டு ஓர் இளைஞன் எட்டிப் பார்த்தான். "மேடம், கொள்முதல் அலமாரிச் சாவி எங்க இருக்கும்?"

மேலாளர் பதில் சொல்வதற்குள், "மேல் இழுப்பறையில, மை டப்பாவுக்குப் பின்னால," என்றது மேற்பார்வையாளரின் வாய். இளைஞன் நன்றி கூறிச் சென்றான். மேற்பார்வையாளர் மேலாளர் பக்கம் திரும்பினார்.

"என் இடத்துலயா உக்காந்திருக்காரு?"

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "பாதிச் சம்பளம் சார். நானா முடிவு பண்ணினேன்? பணியிடத்தை நீக்கினதா எழுதிட்டா, அதே இடத்துக்கு உடனே ஆள் எடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அதனாலதான்..."

தம்முடைய கௌரவத்தின்மேல் நிறுவனம் கொண்டிருந்த அக்கறையின் காரணம் அவருக்கு இப்போதுதான் விளங்கியது. கோபம் காது வரை ஏறியது. ஆயினும் கத்தவில்லை; சரக்கு விற்க வந்தவர்களைக் கத்தாமலேயே வழிக்குக் கொண்டுவந்து பழகியவர் அவர்.

"ஏம்மா, நானா விலகினேன்னா என் ராஜினாமாக் கடிதம் இருக்கணுமே. அத எடுங்க, பாப்போம்."

மேலாளர் கோப்பைத் திறந்தார். முன்னும் பின்னும் புரட்டினார். ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட கடிதம் அழகாக இருந்தது, ராஜினாமாதான் இல்லை. ஆளை அனுப்பும் அவசரத்தில் அதைக் கேட்டு வாங்க எல்லோரும் மறந்திருந்தார்கள்.

"நானும் எழுதல, நீங்களும் நீக்கல. அப்ப நான் இன்னும் வேலையிலதான் இருக்கேனா? இருந்தா சொல்லுங்க, போய் என் நாற்காலியில உக்காந்துக்கறேன். ஒரே நாற்காலி. அந்தப் பையனுக்குத்தான் சிரமம்."

மேலாளர் இயக்குநரின் அறைக்கு ஓடினார். நெடுநேரம் கழித்து, புதிய கடிதத்தோடு திரும்பி வந்தார். கொள்முதல் மேற்பார்வையாளர் என்னும் பணியிடம் ஒழிக்கப்பட்டிருந்தது. இளைஞன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலேயே 'கொள்முதல் ஒருங்கிணைப்பாளர்' ஆகியிருந்தான். வரியும் இரண்டு நாளில் வங்கிக்குத் திரும்பிவிடும் என்றார்.

மேற்பார்வையாளர் கடிதத்தை வரிவரியாகப் படித்தார். "'தற்போதைக்குத் தேவைப்படவில்லை'ன்னு இருக்கு. எதுக்கும்மா தற்போதைக்கு? வரிக்காரனுக்குச் சந்தேகம் வரும். நிரந்தரமாத் தேவையில்லன்னு போடுங்க."

"அப்படி எழுத மனசுக்குக் கஷ்டமா இருக்கு சார்."

"பொறுத்துக்கோங்கம்மா. இவ்வளவு நாள் பொறுத்துக்கலையா?"

திருத்திய கடிதத்தை மாலையில் மனைவியிடம் கொடுத்தார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தம்பிக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். "இவரது சேவை நிரந்தரமாகத் தேவையில்லை என இதன்மூலம் உறுதி செய்யப்படுகிறது."

பிறகு தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து இதத்தான் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்கு யாரும் ஒரு பைசா தள்ளுபடி குடுக்கல."