காலையில் வராத நோய்

டீச்சர் முன்பு வந்த மூன்று முறையும் காலையில்தான். லீவு போட்டு, முதல் டோக்கன் வாங்கி, பளிச்சென்று எதிரே உட்காருவாள். "சாயங்காலமானா நாக்கு குழறுது டாக்டர். கண்ணைத் திறக்கவே முடியலை" என்பாள். டாக்டர் கண்ணைப் பார்த்தாள், கையை மடக்கச் சொன்னாள், ரத்தம் சோதித்தாள். ஒன்றும் இல்லை. ஓடியாடி வேலை பார்க்கிற எந்தப் பெண்ணுக்குத்தான் அலுப்பு இல்லை? மனசு அமைதியாக ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தாள். கைராசிக்காரி என்று பெயரெடுத்தவள், தன்னைத்தானே அவ்வளவு சீக்கிரம் சந்தேகப்படுவாளா என்ன?

இன்று டாக்டர் ஓர் அவசரப் பிரசவத்தில் மாட்டிக்கொண்டதால், காலை டோக்கன்காரர்கள் சாயங்காலம்வரை காத்துக் கிடந்தார்கள். கடைசியாக டீச்சர் கணவரின் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். அவர்தான் பேசினார்.

"நாளைக்கு ஸ்கூல்ல விசாரணை மேடம். கடைசி பீரியட்ல குடிச்சிட்டு வந்து பாடம் எடுக்கறாளாம். வேலை போயிடும். நானே மோந்து பாத்துட்டேன், வாடையே இல்ல. அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?"

டீச்சர் ஏதோ சொன்னாள். மூக்கால் பேசுகிற மாதிரி இருந்தது, பாதி விளங்கவில்லை. சண்டை போடக்கூட அந்த முகத்தில் தெம்பில்லை.

டாக்டருக்குச் சுரீரென்றது. "மேலே பாருங்க டீச்சர். அப்படியே பாத்துட்டே இருங்க."

கடைக்காரர் ஷட்டரை இறக்குகிற மாதிரி இரண்டு இமைகளும் மெதுவாக இறங்கின. உழைக்க உழைக்கத் தசைகள் சோர்ந்துபோகிற நோய். தூங்கி எழுந்தால் சரியானது போலிருக்கும். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியதுதான். காலையில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது எப்படிக் கண்ணில் படும்?

குளிர் பட்டால் இந்தத் தளர்ச்சி கொஞ்ச நேரம் விலகும். டாக்டர் கேட்டதும் சிஸ்டர் தடுப்பூசிப் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்து, கையுறைக்குள் போட்டுக் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் இடது இமைமேல் வைத்து எடுத்தார்கள். இடது கண் முழுசாகத் திறந்தது. வலது தொங்கியபடியே இருந்தது.

"நடிக்கறவங்க ரெண்டையும் திறந்திருப்பாங்க" என்றாள் சிஸ்டர், யாரையும் பார்க்காமல். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் டாக்டருக்கு நிலைக்கவில்லை. சிஸ்டர் கொடுத்த தண்ணீரை டீச்சரால் விழுங்க முடியவில்லை, மூக்கு வழியாக வந்தது.

"நான் எழுதின மாத்திரை?"

"தவறாம குடுக்கறேன் மேடம். விசாரணைன்னு படபடப்பா இருந்தா, அதான் நேத்துலேர்ந்து ரெண்டா."

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இந்த நோய்க்காரர்களின் மூச்சையே தளர்த்திவிடக்கூடிய மாத்திரை அது. "ஒரே மூச்சுல எண்ணுங்க டீச்சர்" என்றாள். ஏழிலேயே குரல் நின்றுபோனது.

"சிஸ்டர், ஆம்புலன்ஸ். ஆக்சிஜன் எடுங்க."

"கண்ணுதான் திறந்துடுச்சே மேடம்?"

"கண்ணு இல்ல சார், மூச்சு. அந்த மாத்திரையை நான் குடுத்திருக்கவே கூடாது."

அவர் டாக்டரை முறைக்கக்கூட இல்லை. மேஜைமேல் கிடந்த கையுறையை எடுத்து மனைவியின் வலது கண்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். "என்னைப் பாரு, இங்க பாரு." உருகிய தண்ணீர் அவர் முழங்கைவரை வழிந்தது. கையுறையை எடுத்தார். வலது கண் திறந்திருந்தது. அதற்குள் இடது இமை இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமாகக் கையுறையை இடது பக்கம் மாற்றினார். உள்ளே ஐஸ் முக்கால்வாசி தண்ணீராகியிருந்தது.