நடுவில் ஒரு மங்கல்

திருப்பதி ஆய்வுக்கூடத்தில் அந்த வருடம் ஒருவருக்குத்தான் வேலை நீட்டிப்பு. பிளெஸ்ஸிக்கோ, ஜெயசீலிக்கோ. இருவருக்கும் சித்தூரில் ஒரே சபை, இங்கே விடுதியில் ஒரே அறை.

வேலை இதுதான். ரேடியோ தொலைநோக்கி எடுத்த வானத்தை, சாதாரண ஒளியில் எடுத்த வானத்தின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சில கேலக்ஸிகள் தங்கள் இருபுறமும் பிரம்மாண்டமான மேகங்களை வீசியெறிகின்றன. மேகங்கள் ரேடியோவில் மட்டுமே தெரியும். வீசிய கேலக்ஸி ஒளிப்படத்தில், நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும்.

திங்கட்கிழமை பிளெஸ்ஸி அப்படி இரண்டு மேகங்களைக் கண்டாள். நடுவே மங்கலாக ஒரு புள்ளி. அதுதான் வீசியது என்றால், ஒரு மேகத்திலிருந்து மற்றதற்குப் போக ஒளிக்கே கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

"யக்கா, பாரேன். நல்லாக்கீதா?"

"சூப்பரா கீதுடி!" ஜெயசீலி அவளைக் கட்டிக்கொண்டாள்.

மதியம் ஜெயசீலி தனியாக, இன்னும் ஆழமாக எடுத்த புதிய ஒளிப்படத்தைத் திறந்தாள். ஒவ்வொரு மேகத்துக்கும் நேர் கீழே ஒரு கேலக்ஸி உட்கார்ந்திருந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு; மேகம் அதனதன் கேலக்ஸியுடையது, நடுப்புள்ளி வீசியதல்ல. படத்தை மூடினாள். மாலையில் பிளெஸ்ஸியின் ஸ்லைடுகளுக்கு நிறம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் பிளெஸ்ஸி பேசி முடித்ததும் ஜெயசீலி கை உயர்த்தினாள்.

"புது சர்வே படத்துல வெச்சுப் பாத்தீங்களா?"

பேராசிரியர் ஹரிபாபு உடனே போட்டுப் பார்க்கச் சொன்னார். திரையில் இரண்டு கேலக்ஸிகளும் வந்தன.

"ஏமம்மா! தரிசன க்யூவுல பக்கத்துல நின்ன ரெண்டு பேருக்குக் கல்யாணமே பண்ணி வெச்சிட்டியே!"

அறை அதிர்ந்தது. ஜெயசீலி சிரிக்கவில்லை, குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். நீட்டிப்பு அவளுக்குக் கிடைத்தது.

"எப்பக்கா பாத்த?" பிளெஸ்ஸி வராந்தாவில் கேட்டாள்.

"திங்கக்கெழமையே."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லிட்டு? நான் மூட்டையக் கட்டிக்கினு போவணுமா?"

பிளெஸ்ஸி பொருத்திய மற்ற கேலக்ஸிகளெல்லாம் சரியாகவே இருந்தன. அவற்றை ஜெயசீலியிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார் ஹரிபாபு. தோளில் பையோடு பிளெஸ்ஸி நின்றாள். அவள் நாற்காலியில் ஜெயசீலி.

"இதென்னடி, இந்த மேகம் ரெண்டும் ஒரே பக்கமா வளையுது?"

"அந்த கேலக்ஸி ஒரு பெரிய கேலக்ஸிக் கூட்டத்துக்குள்ள ஓடிக்கினுகீதுக்கா. அங்க இருக்கற சூடான வாயு எதிர்காத்து மாதிரி மேகத்தப் பின்னால தள்ளுது..." பிளெஸ்ஸியின் குரல் தெளிந்தது. விரல் தானாகவே திரைமேல் அந்த வளைவைத் தொடர்ந்து போனது. "இந்த முனையப் பாரேன், எவ்ளோ மெலிசா..."

"போதும் போதும், புரிஞ்சிடுச்சி," என்றாள் ஜெயசீலி, தட்டச்சு செய்தபடியே. "நீ கெளம்பு. சித்தூர் பஸ் போய்டும்."