கபாலம் உலகச் சுற்றுப்பயணம்: ஒளிப்பதிவு, அக்கா

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். என்னைப் பற்றி இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள், தெரியும். பேசட்டும். நான் கேமராவைக் குறை சொல்லவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடு என்று எந்த ஊர் ரோட்டில் எழுதி வைத்திருக்கிறது? அதை மட்டும்தான் கேட்கிறேன்.

என் தம்பி ‘கபாலம்’ என்ற குழுவில் பாடகன். பாடகன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஹெவி மெட்டல் என்று அதற்குப் பெயர். அவன் அடிவயிற்றிலிருந்து கத்துவான், பின்னால் நீள முடிக்காரர்கள் மூன்று பேர் போட்டு இடிப்பார்கள், கீழே நிற்கிற கூட்டம் தலை கழன்று விழுகிற மாதிரி ஆட்டும். நான் தையல்காரி. அவர்கள் மேடையில் போடுகிற கறுப்புத் தோல் சட்டையெல்லாம் என் கைவேலை. மாதத்துக்கு ஒரு தடவை தொப்பைப் பக்கம் தையல் பிரிந்து வந்து நிற்கும். பாட்டெல்லாம் சாவைப் பற்றித்தான், சாப்பாட்டில் மட்டும் ஒருத்தனும் குறை வைப்பதில்லை.

உலகச் சுற்றுப்பயணம் என்று போஸ்டர் அடித்தார்கள். உலகம் என்றால் நான்கு நாடு, பதினொரு ஊர், ஒரு வேன். பிரிகிற தையலைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

ஆனால் அது கடைசிப் பயணம். தம்பியின் தொண்டையில் கட்டி. “ஆபரேஷனுக்கு அப்புறம் பேசலாம். கத்த முடியாது. முயற்சியும் பண்ணாதீங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி கெஞ்சிக் கூத்தாடி ஆறு வாரம் தவணை வாங்கினான்.

அவன் மகளுக்கு நான்கு வயது. குட்டி என்று கூப்பிடுவோம். காது கெட்டுவிடும் என்று அவளை ஒரு கச்சேரிக்கும் கூட்டிப் போனதில்லை. கேசட்டுகள் இருக்கின்றனவே என்றால், ஸ்டுடியோவில் கத்துவதெல்லாம் இஸ்திரி போட்ட கத்தல், மேடையில் வருவதுதான் அசல் என்பான். வேன் கிளம்புகிற அன்று காலை வீடியோ கேமராவை என் கையில் கொடுத்தான்.

“அக்கா, குட்டி பெருசானதும் அவ அப்பன் எப்படிக் கத்துனான்னு பாக்கணும். ஒரு ஊரையும் விட்டுடாத. உன்னத்தான் நம்பியிருக்கேன்.”

சொல்லும்போதே குரல் கரகரத்தது. “போடா, போய்ச் சட்டைய மாத்து. இப்பவே கசக்கிட்டியே” என்று விரட்டினேன்.

கேமராவைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் டிரம்ஸ் அடிக்கிறவன். அவனை நாங்கள் இடி என்போம். அவன் நடத்திய பாடம் மொத்தமே இவ்வளவுதான்: “இந்தப் பொத்தான அமுக்கணும். செவப்பு லைட்டப் பாத்துக்கங்க அக்கா, அதான் முக்கியம்.” பார்த்துக்கொண்டேன். கேமரா என் கைக்கு வரும்போதே சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. சரி, நின்றிருக்கிறது என்று கழுத்தில் மாட்டிக்கொண்டேன். முதல் ஊரில் மேடைக்கு விளக்குப் போட்டதும் கேமராவைத் தூக்கிப் பிடித்து, தம்பி வாயைத் திறந்ததும் பொத்தானை அமுக்கினேன். சிவப்பு அணைந்தது. ஓட ஆரம்பித்துவிட்டது என்று கண்ணில் வைத்துக்கொண்டேன். கச்சேரி முடிந்ததும் மறுபடி அமுக்கினேன். சிவப்பு எரிந்தது. நின்றது என்று கழுத்தில் தொங்கவிட்டேன். சிவப்பு எரியும்போது சின்னத் திரையில் ஆர், ஈ, சி என்று மூன்று எழுத்து வரும். ரெஸ்ட் என்பதை இடம் பற்றாமல் சுருக்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு ஊரிலும் ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறி நின்று, தோள்பட்டை இற்றுப் போகிற வரை தம்பியை எடுத்தேன். டேப் தீர்ந்தால் கேமரா கீச்சென்று சத்தம் போடும், மாற்றுவேன். அது எப்போதும் வேனில் போகும்போதுதான் சத்தம் போட்டது. அப்போதாவது சந்தேகம் வரவேண்டாமா என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். நடுவில் ஒரு டேப்பைப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் வீட்டுக்குப் போய் எல்லோரும் சேர்ந்துதான் பார்ப்பது என்று தம்பி பிடிவாதமாக இருந்தான்.

ஊர் திரும்பினோம். ஆபரேஷன் முடிந்தது. பதினைந்து நாள் வாயே திறக்கக்கூடாது என்றார் டாக்டர். பதினாறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே பதினான்கு டேப்பையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். இடி எனக்கு முன்பே வந்து சோபாவில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தம்பி கையில் சிலேட்டு.

“இன்னைக்குப் பேசலாம் அண்ணி. காலையிலேர்ந்து சொல்றேன், ஒரு வார்த்த பேசிப் பாருங்கன்னு. மாட்டேங்கிறாரு” என்றாள் அவன் மனைவி.

தம்பி சிலேட்டில் எழுதிக் காட்டினான்: ‘முதல்ல டேப்’.

எனக்குப் புரிந்துவிட்டது. புதுக்குரல் எப்படி வருமோ என்று பயம். அதைக் கேட்பதற்கு முன்னால் பழைய குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் அவனுக்கு.

முதல் டேப்பைப் போட்டோம். வேனின் தரை தெரிந்தது. பிறகு என் செருப்பு. பிறகு வெகுநேரம் என் வயிறு. கிட்டார்காரன் எண்ணி எண்ணி நூறு தடவை முடியைச் சீவினான். இன்னொருத்தன், மேடையில் முகத்துக்கு ரத்தச் சாயம் பூசிக்கொள்கிறவன், போனில் அம்மாவிடம் “சாப்ட்டேம்மா. ஸ்வெட்டர் போட்டிருக்கேம்மா. மேல் பட்டன் வரைக்கும் போட்டிருக்கேம்மா” என்று ஒப்பித்தான். இடி வாய் பிளந்து குறட்டை விட்டான். அதன் பிறகு மேடை, விளக்கு, தம்பி மைக்கைப் பிடிக்கிறான், வாயைத் திறக்கிறான். உடனே யாரோ ஒயர் சுருட்டுகிறார்கள்.

“அக்கா, கச்சேரி எங்க?” என்றான் இடி.

“அடுத்த டேப்புல இருக்கும், பொறு.”

அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதிலும் தம்பி வாயைத் திறந்தான், ஒயரைச் சுருட்டினார்கள். இடி மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, செவப்பு லைட்டு எரிஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நின்னுடுச்சுன்னு விட்டுடுவேன். ஏன்?”

இடி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்கு கூட வரவில்லை, என் வயிறுதான் வந்திருந்தது. தம்பி எழுந்து நின்று கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. கத்தத்தான் அவனிடம் ஒன்றும் இல்லையே. சிலேட்டைத் துடைத்து ‘பரவால்ல அக்கா’ என்று எழுதினான். எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. அதைப் படித்ததும் நான் ஓவென்று அழுதுவிட்டேன். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இடிக்கு நப்பாசை விடவில்லை. பையைத் துழாவி ஒன்பதாவது டேப்பைப் போட்டான். ஏதோ ஓட்டல் அறை. கேமராவைக் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். என் கை ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்கிறது. பின்னால் குளியலறைக் கதவு, சாத்தியிருக்கிறது.

அங்கிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது.

அடிவயிற்றில் பிடித்து, நடுவில் கிழிந்து, மேலே போய், மூச்சு முடியும் என்று நினைக்கிற இடத்தில் இன்னொரு மாடி ஏறியது. இங்கே கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி மேல் இருந்த கண்ணாடிக் குவளை அதிர்ந்தது. மொத்தம் ஒன்பது விநாடி. பிற்பாடு இடி கடிகாரம் வைத்து எண்ணினான். அதைத் தொடர்ந்து, “அக்கா! கரப்பான்! பறக்குது! அக்கா!”

கதவு திறந்தது. இடுப்பில் துண்டோடு கபாலத்தின் தலைவன் ஓடிவந்து கட்டில்மேல் ஏறினான். கேமரா உருண்டது. அதன் பிறகு படத்தில் அவனுடைய இரண்டு பாதங்கள் குதித்தன. என் குரல் மட்டும் கேட்டது: “ஏன்டா, பேய் பிசாசையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுறவன், ஒரு பூச்சிக்கா இந்தக் கூப்பாடு?”

“இருவது வருஷமா உன் பின்னாடி உக்காந்து அடிக்கிறேன். எந்த மேடையிலயும் நீ இப்படிக் கத்துனதில்லடா” என்றான் இடி. குரலில் கொஞ்சம் வருத்தம் கூட இருந்தது.

அப்போது குட்டி உள்ளறையிலிருந்து ஓடிவந்தாள். படம் வரைந்துகொண்டிருந்தவள், ஒரு கையில் கிரேயான், இன்னொரு கையில் அப்பாவின் செருப்பு.

“அப்பா, கரப்பானா? எங்க? நான் அடிக்கிறேன்!”

பெட்டிக்கு முன்னால் போய்ச் செருப்பை ஓங்கிக்கொண்டு நின்றாள். நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் முழித்தோம். அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. அப்பாவை மட்டும் பார்த்தாள்.

“செத்துடுச்சாப்பா?”

தம்பி சிலேட்டை எடுத்தான். சுண்ணக்கட்டியையும் எடுத்தான். குட்டிக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. அது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். இரண்டையும் கீழே வைத்தான். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

“செத்துடுச்சும்மா.”

சலித்த மாவு மாதிரி மெல்லிசான குரல். பாதி காற்று. நான் தூக்கி வளர்த்த பையனின் குரலா இது? தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். இடி விட்டத்தைப் பார்த்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“நெஜமா?” என்றாள் குட்டி.

“நெஜமா.”

“சரி” என்று செருப்பைக் கீழே போட்டுவிட்டு அவள் படம் வரையப் போய்விட்டாள். அப்பாவைக் கேட்டாள், அப்பா சொன்னார், தீர்ந்தது விஷயம்.

தம்பி அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு சிலேட்டை இடியின் மடியில் தள்ளிவிட்டு, அதே மெல்லிய குரலில் என்னிடம் சொன்னான்: “அக்கா, திரும்பப் போடு. அப்புறம், கரப்பான்னு வெளிய சொல்லிடாத. கடைசி ஊரு, கடைசிப் பாட்டுன்னு சொல்லிடு.”

“சரிடா, சொல்லல” என்று டேப்பைப் பின்னால் ஓட்டினேன்.

உண்மையில் அந்தக் கரப்பான் சாகவில்லை. டம்ளரால் மூடிப் பிடித்து, நான்தான் ஜன்னல் வழியாக வெளியே விட்டேன். தம்பி கட்டில்மேல் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். புதுக்குரலில் அவன் சொன்ன முதல் வார்த்தையே பொய். அதை உங்களிடம் சொன்னதோடு சரி, வேறு யாரிடமும் நான் மூச்சு விடமாட்டேன்.