நாச்சம்மாளுக்கு யாரும் வண்டியை நிறுத்த வேண்டாம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். எங்கள் ஆஸ்பத்திரி மாதாமாதம் போடுகிற நலச் செய்திப் பத்திரிகையில் தமிழ்ப் பக்கங்களை நிரப்புவது என் வேலை. இந்த மாதம் நடைப்பயிற்சியைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். அதற்குப் படம் எடுக்கலாம் என்று சர்க்கரை நோய்ப் பிரிவுக்குப் போனால், உள்ளே டாக்டர் ஜானவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே நாச்சம்மாள் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த டாக்டர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அங்கேயே நின்றுவிட்டேன். முன்கதையைப் பிறகு நாச்சம்மாளிடமே கேட்டுக்கொண்டேன்.

நான் எழுதி வைத்திருந்த கட்டுரை இப்படித் தொடங்கியது: ‘நடைப்பயிற்சியானது உடலுக்கும் உள்ளத்துக்கும் புத்துணர்ச்சியளித்து, இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவைக் கணிசமாக...’

போதும். இதை நானே படிக்க மாட்டேன், நீங்கள் எங்கே படிக்கப் போகிறீர்கள்?

2

நாச்சம்மாள், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னந்தோப்பும் மாடுகளும் வைத்திருக்கிற அப்புசாமியின் மனைவி. (வயதைப் போட வேண்டாம் என்றார். போடவில்லை.) தினமும் காலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் பறந்து, பால் சொசைட்டியில் ஊர்க்கதை எல்லாம் கேட்டுவிட்டுத் திரும்புவார். அவருக்கு நாள் விடிவதே அங்கேதான். கண்ணில் புரை வந்தது. ஒரு நாள் மொபெட் நேராக முனீஸ்வரனின் டீக்கடை பெஞ்சில் போய் ஏறியது. பெஞ்சில் யாரும் இல்லை, நல்ல வேளை. அன்றைக்கே அப்புசாமி சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

“இப்ப அவரு பின்னால மூட்டையாட்டம் உக்காந்து போறனுங்க,” என்று டாக்டரிடம் முறையிட்டார் நாச்சம்மாள்.

புரைக்கு ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். ஆபரேஷனுக்குச் சர்க்கரை இறங்க வேண்டும். சர்க்கரை இறங்க, மாத்திரையோடு கூடத் தினமும் நிற்காமல் நடக்க வேண்டும். டாக்டர் சொன்னது அவ்வளவுதான். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

[இங்கே ஒரு கேள்வி வரும்: அவ்வளவு பெரிய தோப்பு இருக்கிறதே, அதற்குள் நடந்தால் ஆகாதா? நடந்து பார்த்தார். ரெண்டு எட்டு வைப்பதற்குள் ஒரு மட்டை கிடக்கும், எடுத்துப் போடுவார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், நிறுத்தப் போவார். அது நடையாக இல்லை, வேலையாகிவிட்டது.]

3

ஆக, ஒரு விடியலில் வெறுங்கையோடு ரோட்டில் இறங்கினார். எங்கள் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். தெரிந்தவர் நடந்து போக, அவரைத் தாண்டி வண்டியில் போகிறவனை இங்கே மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். பால் வேன் வந்து நின்றது. ஓட்டுகிறவர் பூபதிராஜா.

“ஏனுங்க்கா, நாங்கெல்லாம் வண்டிய வெச்சுக்கிட்டு என்னத்துக்குங்க இருக்கறோம்? ஏறுங்க.”

சர்க்கரைக்காக நடக்கிறேன் என்று விளக்கமாகச் சொன்னார் நாச்சம்மாள். ஏறி உட்கார்ந்து சொல்லுங்க என்றார் பூபதிராஜா. ஏறினார். திரும்பும்போது ஒரு டிராக்டர் நின்றது. மறுநாள் ஸ்கூட்டர், அதற்கடுத்த நாள் கல்யாணத்துக்குப் போகிற கார். ஏறாவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

அதோடு போயிற்றா? விடியலில் வெறுங்கையோடு நடக்கிற பெண்பிள்ளை கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குத்தான் போவாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பெரியவர்கள் இரண்டு பேர் அப்புசாமியிடம் வந்து சமாதானம் பேசினார்கள். பாவம் அந்த மனுஷன், என்ன தப்பு என்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்டார்.

4

(இந்த இடத்தில் ஒரு கற்பனைப் பாத்திரத்தை நுழைத்து, அவர் வாயால் நாச்சம்மாளுக்கு ஒரு யோசனை சொல்ல வைக்கலாம் என்று பார்த்தேன். ஒரு பக்கம் எழுதவும் எழுதினேன். கிழித்துப் போட்டேன். நாச்சம்மாளுக்கு யோசனை சொல்ல ஆள் வேண்டுமா என்ன?)

ஒரு காலை, பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம் ஒன்று அந்த வழியாக வந்தது. பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. யாரும் நிறுத்தவில்லை, யாரும் ‘ஏறுங்க’ என்று சொல்லவில்லை. யாத்திரை போகிறவரை வண்டியில் ஏற்றுவது பாவம் அல்லவா? நாச்சம்மாள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டியில் பச்சைச் சேலையைத் தேடினார்.

ஆனால் முருகனை ஏமாற்றக் கூடாது. ஆகவே சாமி படத்துக்கு முன்னால் நின்று நிஜமாகவே வேண்டிக்கொண்டார்: கண் சரியானால் பழனிக்கு நடந்தே வருகிறேன், இப்போது நடப்பதெல்லாம் அதற்குப் பழக்கம். கணக்கு நேராகிவிட்டது.

அன்றைக்கு வாய்க்கால் பாலம் வரைக்கும் யாரும் தடுக்காமல் நடந்தார். பூபதிராஜா வேனை மெதுவாக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நாச்சம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனியாக நடந்துகொண்டே பாட்டுப் பாடினாராம். அந்த இடத்தை எழுதும்போது எனக்கும் ஒரே குஷி.

5

இரண்டு வாரம் ஒரு நாள் விடாமல் நடந்துவிட்டு ஜம்மென்று பரிசோதனைக்கு வந்தார். சர்க்கரை ஏறியிருந்தது.

டாக்டர் குறுக்கு விசாரணை செய்தார். சோறு? குறைத்தாயிற்று. காப்பியில் சர்க்கரை? தொடுவதே இல்லை. வழியில் ஏதாவது? நாச்சம்மாள் விரல் விட்டு எண்ணினார். யாத்திரைக்காரருக்குத் தாகத்துக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். அவர் வருகிற நேரம் தெரிந்து ஒரு வீட்டில் வெல்லப் பானகம், அடுத்த வீட்டில் சர்பத், கோயில் பக்கம் சர்க்கரைப் பொங்கல். முருகனுக்குக் கொடுப்பதாக நினைத்துக் கொடுக்கிறார்கள்.

“குடுக்கறவிங்க மொகத்தப் பார்த்து வேண்டாமுன்னு சொல்ல வாய் வருமுங்களா?”

டாக்டர் சிரித்தது அப்போதுதான். சிரித்து ஓய்ந்ததும் குனிந்து பார்த்தார். அம்மா செருப்புப் போட்டிருக்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு நடந்து, ஒரு முள் குத்தி, அது தெரியாமலே புண்ணானால் என்ன ஆகும் என்று கல்பாத்தி அக்கிரகாரத் தமிழில் நிதானமாக எடுத்துச் சொன்னார். முருகன் செருப்புக்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றும் சொன்னார். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், அப்போதும் இறங்காவிட்டால் ஆபரேஷன் தள்ளித்தான் போகும் என்றார். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார்.

“இது இவாளுக்கு மட்டும் மருந்து எழுதினாப் போறாது. ஊருக்குன்னா எழுதணும். நீ எழுது.”

6

முடிவு. மூன்று எழுதினேன்.

முதல் முடிவில், சர்க்கரை இறங்கி, ஆபரேஷன் முடிந்து, நாச்சம்மாள் மொபெட்டில் சொசைட்டிக்குப் பறக்கிறார். எழுதும்போதே சந்தோஷமாக இருந்தது. ஆனால் பரிசோதனை நடக்குமுன் இந்தப் பத்திரிகை அச்சுக்குப் போய்விடும். நடக்காததை நடந்ததாகச் செய்திப் பத்திரிகையில் போட முடியாது.

இரண்டாவது முடிவில், ஆபரேஷன் தள்ளிப்போகிறது, அந்த அம்மா மறுபடியும் அப்புசாமிக்குப் பின்னால் ஏறி... இல்லை. என்னால் முடியாது.

மூன்றாவதில் பெயரை மாற்றி, ஊரை மறைத்து, நாசூக்காக ஒரு அறிவுரையோடு முடித்திருந்தேன். நாச்சம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

“எம்பேரப் போட்டே எழுதுங்க அம்மிணி. பேரில்லீன்னா யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு அவிங்களுக்கு எப்படித் தெரியும்?”

போட்டுவிட்டேன். இது உங்கள் ஊருக்கும் வருகிற பத்திரிகை. அந்த ரோட்டில்தான் உங்கள் வீடும் இருக்கிறது. பச்சைச் சேலை, காலில் புதுச் செருப்பு. செருப்போடு என்ன யாத்திரை என்று கேட்காதீர்கள். வண்டியை நிறுத்தாதீர்கள். கொடுத்தே தீர வேண்டும் என்றால் உப்புப் போட்ட மோர் கொடுங்கள்.

நாளைக் காலையில் அவர் நடந்து வருவார். நீங்கள் வாசலில் நிற்பீர்கள். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.